கோழி எரு மேல் போட்ட பழி

நீங்கள் பொய் சொன்னீர்கள். கல்யாண மண்டபத்து மேடையில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரை அத்தனை பேர் நடுவில் எழுப்பி நிறுத்தி வைத்துப் பொய் சொன்னீர்கள். அன்றைக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். சரி, வைத்துக்கொள்வோம். தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன பெயர்?

படிக்கிறவர்களுக்கு: நான் பேசுவது மரக்கன்று விற்கும் ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரியிடம். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எல்லாரும் பெயரைப் பற்றியே பேசுவார்கள், மரத்தை விட்டுவிடுவார்கள்.

எங்களுக்கு நாமக்கல் எருமப்பட்டி பக்கம் தோட்டம். ஒரு ஓரத்தில் முட்டைக்கோழி ஷெட் இருக்கிறது. மீதி நிலத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தோம். நடுவதற்கு ஆள் இல்லை, களை எடுக்க ஆள் இல்லை, கிழங்கு பிடுங்க வருகிற ஆளையும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வழியிலேயே மறித்துக் கூட்டிப்போய்விடுவார். இந்தச் சலிப்பில் இருந்தபோதுதான் உங்கள் ஜீப் வந்தது. மலைவேம்பு நடுங்கள் என்றீர்கள். பிளைவுட்டுக்குப் போகிற மரம், வளர்ந்ததும் நாங்களே வந்து வெட்டி எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் தண்ணீர் மட்டும் விட்டால் போதும் என்றீர்கள்.

அன்றைக்கு எங்கள் களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. விதை போட்டு முளைக்க வைத்த கன்று என்றால் ஒன்று நெட்டையாக வரும், ஒன்று குட்டையாக வரும். எங்கள் கன்று அப்படி இல்லை. மலையடிவாரத்தில் தேடிக் கண்டுபிடித்த ஒரே தாய் மரத்தின் தளிரை வெட்டி வேர் பிடிக்க வைத்தது. "ஒண்ணு எப்படியோ அத்தனையும் அப்படியேதான் இருக்கும்" என்றீர்கள். என் வீட்டுக்காரர் அதில்தான் மயங்கினார். கோழிக்குஞ்சு வாங்கும்போதும் அவர் பார்ப்பது அதைத்தான். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அவர் தான் மட்டும் நட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மல்லசமுத்திரத்தில் இருக்கும் என் தம்பியையும் நட வைத்தார். தம்பி தயங்கினான். மூன்று தடவை யோசித்துச் செய்கிற ஆள் அவன். இவர் விடவில்லை.

"மாப்ளே, கண்ண மூடிக்கிட்டு நடு. ஒண்ணு ஆச்சுன்னா என்னையக் கேளு."

"ஏனுங்க மாமா, நெலம் பூராத்துக்குமா?"

"பாதிக்குப் பாதி நட்டுட்டு, அப்பறம் என்ற மரத்தப் பாத்துட்டு வயிறெரியாத."

தம்பி நிலம் முழுவதும் நட்டான். நட்டதோடு, எங்கள் ஷெட்டிலிருந்து கோழி எருவும் கேட்டு வாங்கிக்கொண்டான். இவர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய், தம்பியோடு நின்று குழி குழியாகப் போட்டுவிட்டு வந்தார்.

முதல் இரண்டு வருடம் மரங்கள் வளர்ந்த வேகத்தைப் பார்க்கத் தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். மூன்றாம் வருடம், மரங்கள் தலை உயர்ந்து நின்றபோது, ஆடிக் காற்று அடித்தது. எங்கள் பக்கம் ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஷெட்டுத் தகரமே பறக்கும். இளமரம் சாயும், காற்று நின்ற பிறகு மெதுவாக நிமிர்ந்துகொள்ளும். வேலியோரத்து மரங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தவை. உங்கள் மரங்கள் சாய்ந்தன, நிமிரவே இல்லை. காற்று போன பிறகும் கிழக்கே பார்த்து அப்படியே வளைந்து நின்றன. ஒன்று இரண்டு இல்லை. தோப்பு முழுவதும்.

என் வீட்டுக்காரர் சவுக்குக் கழிகளை வாங்கி ஒவ்வொரு மரத்துக்கும் முட்டுக் கொடுத்தார். லாரித் தார்ப்பாய் கட்டும் பழைய கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டினார். கட்டிய இடத்துக்குக் கீழே நேராக நின்றது, கட்டிய இடத்துக்கு மேலே மறுபடியும் வளைந்தது. டீக்கடையில் பேச்சு ஆரம்பித்தது.

"என்னங்க, உங்க தோப்பு பூராக் கும்புடு போடுது. ஓட்டுக் கேக்க வந்திருக்குதா?"

"இல்லீங்க, அது பந்தியில உக்காந்திருக்குது. எலையப் பாத்துக் குனிஞ்சு சாப்புடுது."

இவரும் சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைப்பார். தம்பியிடமிருந்து போன் வரும். "மாமா, இங்கயும் சாஞ்சு போச்சுங்க." இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவார். ஒண்ணு ஆச்சுன்னா என்னையக் கேளு என்று சொன்னவர் அல்லவா?

கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டோம். நீங்கள் கடைசியில் ஒரு கூட்டம் கூட்டினீர்கள். விவசாயிகளோடு கலந்துரையாடல் என்று மண்டபத்து வாசலில் பேனர் கட்டியிருந்தீர்கள். நானும் வந்திருந்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. என் தம்பி ஆண்கள் பக்கம் இவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

மரம் சாய்கிறது என்று இவர்தான் முதலில் எழுந்து சொன்னார். நீங்கள் மரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எந்த எரு போட்டீர்கள் என்று கேட்டீர்கள்.

"கோழி எருங்க. அடி ஒரமா நல்லாவே போட்டிருக்கறனுங்க" என்றார். எருவைக் குறைத்துப் போட்டதாக நீங்கள் குற்றம் சொல்வீர்கள் என்று பயந்து, பெருமையாகவே சொன்னார்.

உங்களுக்கு அது போதுமாக இருந்தது. சிரித்தீர்கள். "பாருங்க, பச்சைக் குழந்தைக்கு தினமும் பிரியாணி ஊட்டினா அது எப்படிங்க எழுந்து நிக்கும்? நாமக்கல்காரங்களுக்கு எதைப் பாத்தாலும் கோழி எருவைக் கொட்டணும். மரம் கொழுத்துப் போச்சு, தண்டுல பலம் இல்லை. தப்பு கன்னுல இல்லை, கையில."

மண்டபமே சிரித்தது. ஏன் சிரிக்காது? எங்கள் ஊரில் கோழி எரு போட்டு எதையாவது கருக்கிக்கொள்ளாத வீடு கிடையாது. ரோஜாச் செடி, மிளகாய் நாற்று, கறிவேப்பிலை, எது பட்டுப்போனாலும் "எருவுச் சூடு" என்று சொல்லி முடித்துவிடுவோம். இந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எங்களிடம் ஒரு விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் வாயில் ஏற்கெனவே இருந்ததை எடுத்து எங்களுக்கே கொடுத்தீர்கள். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். "இருக்குமுங்க, எருவுச் சூடாத்தான் இருக்கும்" என்று மைக் இல்லாமலே சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதோடு கம்பெனிக்குப் பொறுப்பு விட்டது.

என் தம்பி மண்டபத்து வாசலிலேயே இவரைப் பிடித்துக்கொண்டான்.

"கன்னும் நீங்க சொன்னது. எருவும் நீங்க குடுத்தது. நின்னு குழியில போட்டதும் நீங்க. இப்ப நீங்களே தலையாட்டறீங்க. நான் யாரப் போய்க் கேக்கறது மாமா?"

"மாப்ளே, நான் வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சிருந்தா சண்ட போட்டுட்டு உட்டுருவேனுங்க."

அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. என்னோடு போனில் பேசுவான், "மாமா எப்படி இருக்காரு" என்று கேட்க மாட்டான். இவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். கோழிக்குத் தீவனம் போடுவார், தண்ணீர்க் குழாயைப் பார்ப்பார், தோப்புப் பக்கம் திரும்ப மாட்டார். நான் தோப்பைப் பற்றி எழுதவில்லை. நிலம் இருக்கிறது, மரத்தைப் பிடுங்கிவிட்டு வேறு எதையாவது வைத்துக்கொள்வோம். ஒரு மனிதனைத் தன் மச்சினன் முகத்தைப் பார்க்க முடியாதபடி செய்தீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

எங்கள் ஷெட்டுக்கு முட்டை ஏற்ற வருகிற லாரி டிரைவர் ஒரு நாள் தட்டுகளை எண்ணி ஏற்றிக்கொண்டே தோப்பைப் பார்த்துச் சொன்னார்.

"ஏக்கா, இந்தக் கும்புடு போடற மரம் எடப்பாடிலயும் ஒரு தோட்டத்துல நிக்குதுங்க. அச்சு அசலா இதே மாதிரி."

"அங்க யாருங்கண்ணா கோழி வெச்சிருக்கறாங்க?"

"கோழியா? அவிய தறிக்காரங்க. ஷெட்டு நெறைய தறி ஓடுது. மாடு ரெண்டு நிக்குது."

நான் அடுத்த வாரமே பஸ் ஏறிப் போனேன். அந்தத் தோட்டத்துக்காரர் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் இருந்து எழுந்து வந்து, என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனார். உங்கள் கம்பெனிக் கன்றுதான், சாணி எருவும் குப்பையும் தவிர வேறு எதுவும் போட்டதில்லை என்றார். மரங்கள் கிழக்கே பார்த்து வளைந்து நின்றன. எங்கள் தோப்பைக் கொண்டுவந்து அங்கே வைத்தது போல இருந்தது.

"உங்ககிட்ட என்னங்கண்ணா காரணம் சொன்னாங்க?"

"தண்ணி சாஸ்தியாப் போச்சுன்னாங்க. எனக்குக் கெணத்துல தண்ணியே இல்லீங்க அம்மிணி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எங்களுக்கு எரு, அவருக்குத் தண்ணீர். இன்னொருவரிடம் என்ன சொல்லியிருப்பீர்களோ, வெயிலா, நிழலா? வீட்டுக்கு வந்ததும் நேராகக் கோழி ஷெட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே வேலியோரம் பறவை எச்சத்தில் முளைத்த இரண்டு மலைவேம்பு மரங்கள் நிற்கின்றன. ஷெட்டைக் கழுவுகிற தண்ணீர் அத்தனையும் அதன் அடியில்தான் போகிறது. எங்கள் தோட்டத்தில் அதைவிட அதிகமாகக் கோழி எருவைத் தின்ற மரம் கிடையாது. இரண்டும் கம்பம் போல நேராக நின்றன. தினமும் பார்க்கிற மரங்கள்.

என் அக்கா மகள் வெளியூரில் வனவியல் படிக்கிறாள். மரத்தின் உள்ளே கட்டை எப்படி உண்டாகிறது என்பதுதான் அவள் படிப்பு. மாரியம்மன் பண்டிகைக்கு வந்திருந்தவளைக் கையைப் பிடித்துத் தோப்புக்கு இழுத்துப்போனேன். அவள் ஒரு மரத்தில் கத்தியால் பட்டையை உரித்தாள். மலைவேம்புக் கட்டையில் நடுவயிரம் லேசாகச் சிவந்திருக்கும். பட்டைக்கு அடியில் வெளுப்பாக இருக்கும். இதில் பட்டையை உரித்ததும் செங்காவி அப்பியது போலச் சிவப்பு. அடுத்த மரத்திலும் அதே சிவப்பு. வேலியோரத்து மரத்தில் உரித்தோம். வெள்ளை.

"சித்தி, எரு போட்டா இந்த நெறம் வராது" என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். மரக்கட்டைக்குள் நாரும் இருக்கிறது, நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற ஒரு பொருளும் இருக்கிறது. கான்கிரீட்டில் கம்பியும் சிமெண்டும் போல. அந்த லிக்னினைச் செய்வதற்கு மரத்துக்குள் பல மரபணுக்கள் வேலை செய்கின்றன. அதில் ஒன்றில் பிறவியிலேயே பிசகு ஏற்பட்டால் சிமெண்ட் சரியாகச் சேராது. கட்டை நிறம் மாறும், விறைப்பு குறையும். மரம் பார்க்கக் கொழுகொழு என்று வளரும், காற்றடித்தால் தன்னை நிமிர்த்திக்கொள்ளத் தெம்பு இருக்காது. இதற்கு மரபணுப் பிறழ்வு என்று பெயராம். அமெரிக்காவில் பலகைக்கும் காகிதத்துக்கும் வளர்க்கிற பைன் மரங்களிலேயே இப்படிப் பழுப்புக் கட்டை உள்ள மரங்களைக் கண்டிருக்கிறார்களாம். காகித ஆலைக்கு இது பிடிக்குமாம், கட்டையை வேக வைத்துக் கூழாக்குவது சுலபம். பிளைவுட்டுக்கு உதவாது.

"நான் நெறத்தப் பாத்துச் சந்தேகப்படறேன், அவ்வளவுதான் சித்தி. சோதனை பண்ணாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். அந்தச் சோதனைய அவங்களே பண்ணலாம்" என்றும் சொன்னாள். அவள் அளந்துதான் பேசினாள். உங்களைப் போல மைக்கைப் பிடித்து அடித்துவிடவில்லை.

"ஒரு மரத்துல பிசகுன்னா சரி. தோப்பு பூராவும் எப்படி?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே மரந்தானே சித்தி."

அப்போது நச்சென்று மண்டையில் இறங்கியது. கோழிப் பண்ணையில் இதை நாங்கள் பார்க்காததா? ஒரு லாட் குஞ்சில் அத்தனைக்கும் ஒரே வாரத்தில் அலகு கோணினால் தீவனத்தைத் திட்டிக்கொண்டு உட்கார மாட்டோம். குஞ்சு பொரிக்கிற இடத்துக்குப் போன் போட்டு, தாய்க்கோழியைப் பாருங்கள் என்று கத்துவோம். கோழிக்குக் கேட்கத் தெரிந்த வாய் மரத்துக்குக் கேட்கவில்லை. எரு என்ற ஒரு சொல்லைக் காட்டி எங்கள் வாயை அடைத்துவிட்டீர்கள்.

உங்கள் ஆபீசுக்கு இரண்டு தடவை வந்தேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். மரத்தை வில்லை வில்லையாக அறுத்து, முட்டைத் தட்டில் அடுக்கி எடுத்துப்போனேன். எங்கள் மரம் ஒரு வரிசை, எடப்பாடிக்காரரிடம் கேட்டு அறுத்து வாங்கிய மரம் ஒரு வரிசை, வேலியோரத்து மரம் ஒரு வரிசை. செக்யூரிட்டி நிறுத்தினார்.

"என்னம்மா, முட்ட விக்கறதுக்கு இங்க வந்துட்டீங்க?"

"அவிச்ச முட்டைங்க. தின்னு பாக்கறீங்களா?" என்று தட்டை நீட்டினேன். கட்டையைப் பார்த்ததும் உள்ளே விட்டுவிட்டார்.

நீங்கள் வரவில்லை. உங்கள் கம்பெனிக்காக ஒரு களப்பணியாளரை அனுப்பியிருந்தீர்கள். ஐம்பது வயதுக்காரர், சாதுவான மனிதர். வில்லைகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முறை வருவதற்கு முன்னால், வராந்தாவில் நின்று என்னிடம் சொன்னார்.

"இதே நெறந்தானுங்க அம்மா. தாய் மரத்த வெட்டினாத்தான் அடிக்கட்டையில புதுத் தளிர் வரும். அதை வெட்டிச் சாச்சப்ப நானும் இருந்தேன். பட்டைக்கு அடியிலயே செவந்திருந்துச்சு. வயசான மரம், வயிரம் ஏறிக் கெடக்குதுன்னு நெனச்சோம். எங்க பெரிய சார் கூடத் தொட்டுப் பாத்தாரு."

"அந்த மரம் எப்படிங்க நேரா நின்னுச்சு?"

"அது ரெண்டு மலைக்கு நடுவுல பள்ளத்துல நின்னதுங்க. அங்க காத்தே வராது."

உள்ளே போய் அதிகாரிகள் முன்னால் அதையே சொல்லுங்கள் என்றேன். தலையை அசைத்தார். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், "ஆய்வு செய்து அறிக்கை தருகிறோம்" என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். வராந்தாவில் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டேன். நான் அப்படி எதுவும் சொல்லவில்லையே அம்மா என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வாய்க்குப் பூட்டு போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அறிக்கை இன்றுவரை வரவில்லை. ஆனால் உங்கள் நர்சரியில் கன்று விற்பனை நிற்கவில்லை. இந்த மழைக்கும் ஜீப் சுற்றுகிறது.

கூட்டம் முடிந்து நேராக மல்லசமுத்திரம் போனேன். தம்பியின் தோப்பிலும் பட்டையை உரித்துக் காட்டினேன். சிவப்பைத் தொட்டுப் பார்த்தான். எடப்பாடிக் கதையைச் சொன்னேன், வேலியோரத்து மரத்தைச் சொன்னேன், எல்லாம் சொன்னேன். மாமாவுக்கு ஒரு போன் போடுடா என்றேன்.

"அக்கா, நீ சொல்றத நான் நம்பறேன். ஆனா அந்தாளு மைக்குல சொன்னான். நம்ம சாதிசனம், சம்பந்தி ஊடு, அத்தன பேரும் கேட்டாங்க. நீ எங்க ஊட்டுக்குள்ள வந்து காதோட சொல்றே. வெளிய போனா மாமாவோட எருவுதான் கெடுத்துச்சும்பாங்க, என்னையும் ஏமாந்தவன்னு சிரிப்பாங்க. மாமாவுக்கும் அதேதான். நான் வந்து 'பரவால்லீங்க மாமா'ன்னு சொன்னா, அவரு தப்புப் பண்ணி நான் மன்னிச்ச மாதிரி ஆயிரும். அவரு தப்பே பண்ணலையே. அந்தாளு வாயாலயே வரட்டும்."

அவன் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "மாப்ள சொல்றது நெசந்தான் புள்ள" என்றார். ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு நஷ்ட ஈடு பேச வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். போன் போட்டு "அம்மா, நேர்ல பேசிக்கலாம்" என்று சொல்ல வேண்டாம். ஒரு கட்டையை எடுத்துச் சோதனை செய்யுங்கள், வந்த முடிவைக் கன்று வாங்கிய அத்தனை பேருக்கும் சொல்லுங்கள். அது வரும்வரை ஒரு கன்றையும் விற்காதீர்கள். அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு நீங்களே வாருங்கள். வேறு ஆளை அனுப்பாதீர்கள். மைக்கை வாங்கி, எல்லார் காதிலும் விழும்படி இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: தாய் மரத்தை வெட்டிச் சாய்த்த அன்று, உங்கள் கையால் தொட்டுப் பார்த்தீர்களே, அந்தக் கட்டை என்ன நிறத்தில் இருந்தது?